ஆசானை அனுப்பலாமா?

கோப்பை எதையும் பெற்றுத் தராமலே கேரள ரசிகர்களின் மனதைக் கைப்பற்றியவர் செர்பியப் பயிற்சியாளர் இவான் வுக்கோமனோவிச். கேரளா பிளாஸ்டர்ஸ் அவரை 2024ல் வழியனுப்பியது. அதற்குப் பிறகு நடந்தவை எல்லா கிளப்களுக்கும் ஒரு பாடம்.

2023 அக்டோபர் 27ம் தேதி மாலை கொச்சி கலூரில் உள்ள ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்துக்கு வந்தவர்கள் ஒடிஷா எஃப்.சி.யுடனான ஆட்டத்தைப் பார்க்க மட்டும் வரவில்லை. ஒரு மனிதரைப் பார்க்கவும் வந்திருந்தார்கள். பத்து ஆட்டத் தடை முடிந்து இவான் வுக்கோமனோவிச் அன்றுதான் மீண்டும் கோட்டுக்கு வெளியே தன் வழக்கமான இடத்தில் வந்து நின்றார். முதலில் ஒரு கோல் வாங்கிய கேரளா பிளாஸ்டர்ஸ் பிறகு சுதாரித்துக்கொண்டு 2-1 என்று ஜெயித்தது. கதை அத்துடன் முடிந்திருந்தால் மலையாள சினிமாவுக்கே பொருத்தமாக இருந்திருக்கும்.

ஆனால் முடியவில்லை. ஆறு மாதத்துக்குள், 2024 ஏப்ரல் 19 அன்று, புவனேஸ்வரத்தில் அதே ஒடிஷாவிடம் கூடுதல் நேரத்தில் 2-1 என்று தோற்று இந்தியன் சூப்பர் லீக்கின் பிளே-ஆஃப் சுற்றிலிருந்து பிளாஸ்டர்ஸ் வெளியேறியது. ஒரே வாரத்தில், ஏப்ரல் 26ல், கிளப்பின் அறிவிப்பு வந்தது: பயிற்சியாளரும் கிளப்பும் பரஸ்பர சம்மதத்துடன் பிரிகிறார்கள். விவாகரத்து வழக்குகளில் கேட்டுப் பழகிய வாசகம். சம்மதம் கேட்கப்படாத ஒரே தரப்பு, மஞ்சள் சட்டை அணிந்து மாடத்தில் உட்கார்ந்திருந்த தரப்பு.

அந்தத் தரப்பு வுக்கோமனோவிச்சைப் பெயர் சொல்லி அழைப்பது அபூர்வம். 'ஆசான்' என்றுதான் அழைத்தது. தமிழருக்கு விளக்கம் தேவைப்படாத சொல். களரியில் காலை எப்படி வைக்க வேண்டும் என்று காட்டுபவர் ஆசான். விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைப்பவரும் ஆசான்தான். கன்னியாகுமரி மாவட்டத்தில் அடிமுறை கற்றுத் தருபவருக்கும் அதே பெயர். குருவுக்குரிய மரியாதையும் வீட்டுப் பெரியவரிடம் எடுத்துக்கொள்ளும் உரிமையும் கலந்த அந்தச் சொல்லை, செர்பியாவில் பிறந்து பெல்ஜியத்திலும் ஸ்லோவாக்கியாவிலும் பயிற்சியாளராக இருந்த ஒருவருக்குக் கேரளம் தூக்கிக் கொடுத்துவிட்டது. கோச் என்றால் அவரை மாற்றலாம். ஒப்பந்தத்திலேயே அதற்கு இடம் உண்டு. ஆசானை மாற்றுவது எப்படி?

இந்த மரியாதை சும்மா கிடைத்ததல்ல. 2014ல் தொடங்கப்பட்ட பிளாஸ்டர்ஸ் முதல் ஆண்டிலும் 2016லும் இறுதி ஆட்டம் வரை போய், இரண்டு முறையும் கொல்கத்தா அணியிடம் தோற்றது. 2016 இறுதி கொச்சியிலேயே நடந்தது. 50,000க்கும் அதிகமானோர் கண்ணெதிரே டைபிரேக்கரில் கோப்பை கைநழுவிப் போனது. அதன் பிறகு நான்கு சீசன்கள் பிளே-ஆஃப் பக்கமே போக முடியவில்லை. இங்கிலாந்துக்காரர், டச்சுக்காரர், போர்ச்சுகீசியர், ஸ்பானியர் என்று பயிற்சியாளர்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். 2020-21ல் 11 அணிகளில் 10வது இடம். அப்படிப்பட்ட அணியைத்தான் 2021 ஜூனில் வுக்கோமனோவிச் கையில் கொடுத்தார்கள்.

கொரோனா காலம் அது. எல்லா ஆட்டங்களும் கோவாவில், பெரும்பாலும் ரசிகர்கள் இல்லாத மைதானங்களில் நடந்தன. முதல் ஆட்டத்தில் மோகன் பகானிடம் 4-2 என்று தோல்வி. பழைய கதைதான் என்று பலரும் தொலைக்காட்சியை அணைத்திருப்பார்கள். அடுத்த பத்து ஆட்டங்களில் பிளாஸ்டர்ஸ் தோற்கவே இல்லை. அரையிறுதியில், லீக் சுற்றில் முதலிடம் பிடித்திருந்த ஜாம்ஷெட்பூரை வீழ்த்தியது. 2022 மார்ச் 20 அன்று ஃபட்டோர்டாவில் நடந்த இறுதியில் ராகுல் கே.பி. கோல் போட, 88வது நிமிடம் வரை கோப்பை கேரளத்தின் கையில் இருந்தது. பிறகு ஹைதராபாத் சமன் செய்தது. டைபிரேக்கரில் கோல்கீப்பர் கட்டிமணி மூன்று உதைகளைத் தடுத்தார். மூன்றாவது முறையாக இறுதியில் தோல்வி. ஆனால் இந்தத் தோல்விக்குப் பிறகு ரசிகர்கள் கோபப்படவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு தங்கள் அணிக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டதாக உணர்ந்தார்கள்.

அடுத்த ஆண்டு அந்த அன்புக்குச் சோதனை வந்தது. 2023 மார்ச் 3 அன்று பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்தில் நாக்-அவுட் ஆட்டம். 90 நிமிடமும் கோலில்லை. கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி, பிளாஸ்டர்ஸ் வீரர்கள் தடுப்பு அமைத்து முடிப்பதற்குள் ஃப்ரீ கிக்கை உதைத்து கோலாக்கினார். நடுவர் அதை ஏற்றுக்கொண்டார். வுக்கோமனோவிச் தன் வீரர்களை அழைத்துக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியேறிவிட்டார். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பயிற்சியாளருக்கு 5 லட்சம் ரூபாயும் பத்து ஆட்டத் தடையும்.

ஒரு நிறுவனத்தின் ஊழியர் ஒரே மாலையில் முதலாளிக்கு 4 கோடி நஷ்டம் ஏற்படுத்தினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இங்கே நடந்தது வேறு. ஊர் திரும்பியவரை ரசிகர்கள் வீரரைப் போல வரவேற்றார்கள். தங்களுக்காக ஒருவர் கோபப்பட்டார் என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. அன்பின் பலவீனமும் இதுதான்: தவறையும் சேர்த்தே அது கொண்டாடும்.

எனவே, அவரை அனுப்பியதற்கு நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. மூன்று சீசன், ஒரு கோப்பையும் இல்லை. 2022-23ல் லீக் சுற்றின் கடைசி மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. 2023-24ல் நிலைமை இன்னும் மோசம். டிசம்பர் இறுதியில் 12 ஆட்டங்களில் 26 புள்ளிகளுடன் பட்டியலின் உச்சியில் இருந்த அணி, மீதமிருந்த பத்து ஆட்டங்களில் எடுத்தது வெறும் 7 புள்ளி. ஏழு தோல்விகள். ஐந்தாவது இடம். பாதி வழியில் மூச்சு வாங்கும் அணிக்குப் பயிற்சியாளர்தான் பதில் சொல்ல வேண்டும் என்று கிளப் நினைத்ததில் தவறில்லை.

ஆனால் முழுக் கணக்கு அதுவல்ல. 2023 டிசம்பரில் கேப்டன் அட்ரியான் லூனா முழங்கால் காயத்தால் விழுந்தார். அணியின் ஆட்டம் முழுவதும் அவர் காலைச் சுற்றியே பின்னப்பட்டிருந்தது. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கோடையிலும் அணி பிரிக்கப்பட்டது. 2022ல் இறுதி வரை அழைத்துச் சென்ற இரண்டு வெளிநாட்டு முன்கள வீரர்களும் போனார்கள்: வாஸ்கேஸ் கோவாவுக்கு, பெரேரா டியாஸ் மும்பைக்கு. 2023ல் சொந்த மண்ணின் செல்லப்பிள்ளை சஹல் அப்துல் சமத் மோகன் பகானுக்கு. கட்டிய வீட்டிலிருந்து ஆண்டுக்கு ஒரு தூணை எடுத்துக்கொண்டே போனால் கொத்தனாரை மட்டும் குறை சொல்ல முடியுமா?

இந்த இடத்தில் ஒன்றை விளக்க வேண்டும். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் மேனேஜர் என்றால் எல்லாம் அவர்தான்: யாரை வாங்குவது, யாரை விற்பது, எப்படி ஆடுவது. இன்று பெரும்பாலான கிளப்களில், இந்திய கிளப்களிலும், வீரர்களைத் தேர்வு செய்யும் வேலையில் பெரும் பங்கு ஸ்போர்ட்டிங் டைரக்டர் என்ற இன்னொருவருடையது. பிளாஸ்டர்ஸில் 2020லிருந்து அந்தப் பொறுப்பு லிதுவேனியாவைச் சேர்ந்த கரோலிஸ் ஸ்கின்கிஸிடம் இருந்தது. அவர் காலத்திலேயே பயிற்சியாளர்கள் ஒவ்வொருவராக வந்து போனார்கள். அணி தோற்றால் 25 வீரர்களை மாற்ற முடியாது. அதற்கு ஆண்டில் இரண்டு முறைதான் கதவு திறக்கும். உரிமையாளரை மாற்றவே முடியாது. எந்த நாளிலும் மாற்றக்கூடிய ஒரே ஆள் பயிற்சியாளர். அதனாலேயே அவர் மாற்றப்படுகிறார்.

அப்படி மாற்றுவதால் பலன் உண்டா? டச்சுப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் தன் நாட்டு லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான கணக்குகளை எடுத்து ஆராய்ந்தார். பயிற்சியாளரை நீக்கிய அணிகள் அதன் பிறகு முன்னேறியது உண்மை. ஆனால் அதே அளவு சரிந்திருந்தும் பயிற்சியாளரை நீக்காத அணிகளும் அதே அளவு முன்னேறின. காய்ச்சல் தானாக இறங்கும்போது கடைசியாகக் கொடுத்த மாத்திரைக்குப் பெயர் கிடைப்பது போலத்தான்.

இதற்கு மாறான உதாரணங்களும் இருக்கின்றன. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு 1979லும் 1980லும் ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றுத் தந்த பிரையன் கிளஃபை அந்த கிளப் 18 ஆண்டுகள் வைத்திருந்தது. 1993ல் கடைசி இடம் பிடித்துக் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. இறங்குவது உறுதியான அன்று ரசிகர்கள் அவரை வாழ்த்திக் குரல் எழுப்பினார்கள். அழகான காட்சிதான். ஆனால் இறங்கியது இறங்கியதுதான். லெஸ்டர் சிட்டி எதிர்மாறாக நடந்துகொண்டது. 2016ல் யாரும் நம்பாத லீக் பட்டத்தை வென்று தந்த கிளாடியோ ராணியேரியை ஒன்பதே மாதத்தில், 2017 பிப்ரவரி 23ல், நீக்கியது. உலகமே நன்றிகெட்டத்தனம் என்றது. அணி அடுத்த ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்று 12வது இடத்தில் பத்திரமாக முடித்தது.

நம் பக்கத்திலேயே சென்னையின் எஃப்.சி. இருக்கிறது. 2018 மார்ச்சில் கோப்பை வாங்கித் தந்த ஜான் கிரிகரியை அடுத்த சீசனில் கடைசி இடம் வந்த பிறகும் வைத்திருந்தது. அதற்கடுத்த சீசனிலும் தொடக்கம் தள்ளாட, 2019 நவம்பரில் அவர் விலகினார். பின்னால் வந்த ஓவன் காயில் அதே வீரர்களை வைத்து இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். பிரிவு பலன் தருவதும் உண்டு என்பதற்கு இது சாட்சி.

ஆர்சனல் கதை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1996 முதல் 22 ஆண்டுகள் இருந்த ஆர்சென் வெங்கர் மூன்று லீக் பட்டம், ஏழு எஃப்.ஏ. கோப்பைகள் வென்றவர். 2003-04ல் லீக்கில் ஒரு தோல்வி கூட இல்லை. கடைசி ஆண்டுகளில் அவரைப் போகச் சொல்லி ஆட்டம் நடக்கும்போதே வானில் விமானம் பதாகை இழுத்துச் சென்றது. 2018ல் அவர் போன பிறகு அணி உடனே உயர்ந்துவிடவில்லை. அடுத்தவர் 18 மாதத்தில் நீக்கப்பட்டார். அவருக்கு அடுத்து வந்த மிக்கேல் ஆர்தேதா 2020லும் 2021லும் எட்டாவது இடமே பிடித்தார். அப்போது அவரை அனுப்பாமல் கிளப் காத்திருந்தது. 2023, 2024, 2025 ஆகிய மூன்று சீசன்களிலும் இரண்டாம் இடம் வந்தது. ஆர்சனலுக்குக் கைகொடுத்தது வெங்கரை அனுப்பியது மட்டுமல்ல. அடுத்து என்ன வேண்டும் என்று முடிவு செய்து அதற்குக் காலம் கொடுத்ததும்தான்.

பிளாஸ்டர்ஸ் தவறவிட்டது இதைத்தான். 2024 மே மாதம் ஸ்வீடனைச் சேர்ந்த மிக்கேல் ஸ்டாரே வந்தார். அதே கோடையில், முந்தைய சீசனில் 13 கோல் போட்டு லீக்கிலேயே முதலிடம் பிடித்த டிமிட்ரியோஸ் டயமன்டகோஸ் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். நடுக்களத்தில் வளர்ந்து வந்த ஜீக்சன் சிங்கும் அங்கேயே போனார். புதியவரின் கையில் வந்தது, பழையவருக்குக் கொடுத்ததை விடவும் சிறிய பெட்டி. 12 ஆட்டங்களில் 11 புள்ளி, பத்தாவது இடம். டிசம்பர் 16ல் அவரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அந்த சீசனை அணி எட்டாவது இடத்தில் முடித்தது. ஆசான் இருந்த மூன்று ஆண்டும் தவறாமல் கிடைத்த பிளே-ஆஃப் இடம் இல்லாமல் போனது.

ரசிகர்கள் இந்த முறை வேறு முடிவுக்கு வந்திருந்தார்கள். 'மஞ்ஞப்பட' என்ற ரசிகர் அமைப்பு, ஸ்டாரே நீக்கப்படுவதற்கு முன்பே, டிக்கெட் வாங்குவதில்லை என்று அறிவித்துவிட்டது. கோபம் பயிற்சியாளர் மீதல்ல, நிர்வாகத்தின் மீது. முன்பு தோல்விகள் வந்தபோது, 4 கோடி அபராதம் வந்தபோது, சஹல் விற்கப்பட்டபோது கூட மாடத்தில் ஒரு பொறுமை இருந்தது. அந்தப் பொறுமையின் காரணம் கிளப் அல்ல, கோட்டருகே நின்ற மனிதர் என்பது அவர் போன பிறகுதான் தெரிந்தது. அவர் நிர்வாகத்துக்கும் ரசிகர்களுக்கும் நடுவே ஒரு சுவராக இருந்தார். சுவரை இடித்தவர்கள் மழை நேராக வீட்டுக்குள் விழுகிறதே என்று வியப்பதில் அர்த்தமில்லை.

விரும்பப்படும் பயிற்சியாளரைக் கிளப் அனுப்பலாமா? அனுப்பலாம். அன்பு யாருக்கும் ஆயுள் ஒப்பந்தம் தருவதில்லை. கிளஃபின் கதை அதற்குப் போதும். ஆனால் கையெழுத்துப் போடும் முன் நிர்வாகம் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இவர் போனால் இவரோடு போகிற தவறு எது, இவர் போன பிறகும் இங்கேயே இருக்கப்போகிற தவறு எது? இரண்டாவது பட்டியல் நீளமாக இருந்தால், அனுப்ப வேண்டியவர் ஆசான் அல்ல.

கொச்சியில் அந்தப் பட்டியலை எழுதிப் பார்த்தார்களா என்பது நிர்வாகத்துக்குத்தான் வெளிச்சம். வுக்கோமனோவிச் வாய்ப்புக் கொடுத்து வளர்த்த விபின் மோகனன், லட்சத்தீவின் இரட்டையர்களான அய்மன், அஸ்ஹர் ஆகியோர் அவர் போன பிறகும் அதே மஞ்சள் சட்டையில் ஆடினார்கள். ஆசான் விட்டுச் சென்ற சொத்து அதுதான். கோப்பை அலமாரியில் மட்டும் தேடினால் அது கண்ணில் படாது.