குடிக்க வந்தேன், குடிக்கறதை விட்டேன்: இங்கிலீஷ் இன்ஃபினிட்டிவும் நம்ம ஊர் தமிழும்

(ஒலிப்பதிவில் இருந்து எழுத்தாக்கி, கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம். இங்கிலீஷ் வாக்கியங்களைக் காதில் கேட்டபடியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம்.)

இன்னைக்கு இங்கிலீஷ் கிராமர். உடனே அடுத்த எபிசோடுக்கு ஓடிடாதீங்க. போன வாரம் திருச்சியில இருந்து ஒரு லிசனர் கேட்டிருந்தாங்க: "கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போனா எல்லா வார்த்தையும் தெரியுது, ஆனா எதை எங்கே வைக்கறதுன்னு தெரியல. வாயே திறக்க மாட்டேங்குது." இந்தப் பிரச்சினை அவங்களுக்கு மட்டும் இல்ல. சத்திரம் பஸ் ஸ்டாண்டைச் சுத்தி இத்தனை காலேஜ் இருக்கற ஊர்ல, இங்கிலீஷ் தடுமாறுதுங்கற ஒரே காரணத்துக்காக க்ரூப் டிஸ்கஷன்ல மௌனமா உக்கார்ந்திருக்கற பசங்க நிறைய பேர். அதனால ரெண்டே ரெண்டு விஷயம் எடுத்துக்கலாம். ஒண்ணு அட்வெர்ப், இன்னொண்ணு இன்ஃபினிட்டிவ்.

உழைச்சீங்களா, உழைக்கலையா?

ரெண்டு வாக்கியம் சொல்றேன். "ஐ வொர்க்ட் ஹார்ட்." "ஐ ஹார்ட்லி வொர்க்ட்." முதல் வாக்கியம், நான் கடுமையா உழைச்சேன். ரெண்டாவது, நான் வேலையே பார்க்கலைன்னு வெச்சுக்கலாம். இன்டர்வியூவுல ரெண்டாவதைச் சொல்லிட்டு, எதிர்ல இருக்கறவர் ஏன் சிரிக்கறாருன்னு புரியாம உக்கார்ந்திருந்தா எப்படி இருக்கும்?

தப்பு எங்க இருந்து வருதுன்னு பாருங்க. தமிழ்ல 'ஆக' சேர்த்தா வேலை முடிஞ்சது. வேகம், வேகமா. கடுமை, கடுமையா. அமைதி, அமைதியா. இங்கிலீஷ்ல அந்த இடத்துல 'லி'ன்னு ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்தாங்க. க்விக், க்விக்லி. ஸ்லோ, ஸ்லோலி. பெரும்பாலும் சரிதான். ஆனா ஃபாஸ்ட், ஹார்ட், லேட் மூணும் 'லி' இல்லாமலே அட்வெர்ப். 'ஃபாஸ்ட்லி'ன்னு ஒரு வார்த்தை இன்னைய இங்கிலீஷ்ல புழக்கத்துல இல்ல. 'லேட்லி'ன்னா சமீப காலமான்னு அர்த்தம். 'ஹார்ட்லி'ன்னா அனேகமா இல்லவே இல்லைன்னு அர்த்தம்.

கண்ணாடியில பார்த்த மாதிரி

அடுத்து, அட்வெர்பை எங்கே வைக்கறது? தமிழ்ல ஒரு வாக்கியம்: "நேத்து மீட்டிங்ல நல்லா பேசினா." நேத்து, மீட்டிங்ல, நல்லா, பேசினா. இங்கிலீஷ்ல: "ஷி ஸ்போக் வெல் அட் தி மீட்டிங் யெஸ்டர்டே." பேசினா, நல்லா, மீட்டிங்ல, நேத்து. அப்படியே தலைகீழ்! தமிழ்ல வினை கடைசியில நிக்குது, மத்ததெல்லாம் அதுக்கு முன்னாடி வரிசை கட்டுது. இங்கிலீஷ்ல வினை முன்னாடி வந்துடுது. எப்படி, எங்கே, எப்போன்னு மத்தது பின்னாடி வருது. திணறும்போது இந்தக் கண்ணாடியை ஞாபகம் வெச்சுக்கோங்க.

வினைக்கும் அதோட செயப்படுபொருளுக்கும் நடுவுல இங்கிலீஷ் பொதுவா யாரையும் உள்ள விடாது. "ஐ லைக் வெரி மச் ஃபில்டர் காபி" இல்ல. "ஐ லைக் ஃபில்டர் காபி வெரி மச்."

ஆல்வேஸ், யூஷுவலி, நெவர் மாதிரி 'எத்தனை தடவை'ன்னு சொல்ற வார்த்தைகள் மட்டும் தனி ஜாதி. சாதாரண வினைக்கு முன்னாடி, ஆம், இஸ், வாஸ் இதுகளுக்குப் பின்னாடி. ஸ்ரீரங்கத்துக்கு ஒண்ணாம் நம்பர் பஸ்ல போறவங்க சொல்லிப் பாருங்க: "ஐ ஆல்வேஸ் டேக் பஸ் நம்பர் ஒன். இட் இஸ் ஆல்வேஸ் க்ரவுடெட்."

அப்புறம் நம்ம செல்லப்பிள்ளை, 'ஒன்லி'. "ஐ ஆம் ஃப்ரம் ஸ்ரீரங்கம் ஒன்லி." இது 'தான்'. "நான் ஸ்ரீரங்கம்தான்." தமிழ்ல 'தான்' வார்த்தைக்குப் பின்னாடி ஒட்டும், அதனால 'ஒன்லி'யையும் பின்னாடி ஒட்டறோம். ஆனா நம்ம 'தான்' ரெண்டு வேலை பார்க்குது: அழுத்தம் கொடுக்கும், 'மட்டும்'னும் சொல்லும். இங்கிலீஷ் 'ஒன்லி' பெரும்பாலும் 'மட்டும்' வேலையைத்தான் பார்க்கும். அழுத்தம் வேணும்னா அவங்க குரலை ஏத்துவாங்க. ஃப்ரெண்ட்ஸ்கிட்ட 'ஒன்லி' போடுங்க, யாருக்கும் நஷ்டம் இல்ல. வெளிநாட்டு க்ளையன்ட் கால்ல மட்டும் கொஞ்சம் கவனம்.

'டு' நமக்குப் புதுசு இல்ல

இப்போ இன்ஃபினிட்டிவ். டு கோ, டு ஈட், டு ட்ரிங்க். பேரைக் கேட்டா பயமா இருக்கு, ஆனா சின்ன வயசுலேர்ந்து நீங்க இதை வெச்சுத்தான் பேசறீங்க. போக, சாப்பிட, குடிக்க. ஸ்கூல் தமிழ்ல வினையெச்சம்னு படிச்சது ஞாபகம் இருக்கா? தொல்காப்பியம் 9 வாய்பாடு சொல்லுது, நன்னூல் 12 சொல்லுது. ரெண்டுலயும் 'செய்து' இருக்கு, 'செய'வும் இருக்கு. இந்த 'செய'தான் இங்கிலீஷ் இன்ஃபினிட்டிவுக்கு நம்ம வீட்டுச் சொந்தக்காரன். 'போகணும்'கறதைப் பிரிச்சா 'போக வேணும்'. அதுக்குள்ளயும் அவன் ஒளிஞ்சிருக்கான்.

"காபி குடிக்க வந்தேன்." "ஐ கேம் டு ட்ரிங்க் காபி." நேரா பொருந்துது. அப்போ ஏன் "ஐ கேம் ஃபார் ட்ரிங்கிங் காபி"ன்னு வருது? பேசும்போது நாம "குடிக்கறதுக்கு வந்தேன்"னும் சொல்றோம். அந்த 'க்கு' நம்மளை 'ஃபார்' பக்கம் இழுத்துட்டுப் போகுது. எதுக்கு வந்தேன், எதுக்குப் போனேன்னு காரணம் சொல்றப்ப 'டு' போடுங்க, போதும்.

ரெண்டு இடத்துல மட்டும் பாதை பிரியும். "நீ வரணும்னு ஆசைப்படறேன்." நாம 'ன்னு' போட்டு ஒரு முழு வாக்கியத்தையே உள்ள வைக்கறோம். அதனால "ஐ வான்ட் தட் யூ ஷுட் கம்"னு வருது. இங்கிலீஷ்ல ஆளைச் சொல்லு, உடனே 'டு' போடு: "ஐ வான்ட் யூ டு கம்." டெல், ஆஸ்க், எக்ஸ்பெக்ட், அலவ் எல்லாம் இதே மாதிரிதான். சஜெஸ்ட் மட்டும் அடம் பிடிக்கும். "ஹி சஜெஸ்டெட் மீ டு ஜாயின்" இல்ல, "ஹி சஜெஸ்டெட் தட் ஐ ஜாயின்."

இன்னொண்ணு, "என்னைக் காத்திருக்க வெச்சார்." 'காத்திருக்க'ன்னு 'செய' கேட்டதும் நமக்கு 'டு' வந்துடும். ஆனா மேக், லெட் ரெண்டுக்கும் அது கிடையாது. "ஹி மேட் மீ வெயிட்." கேன், மஸ்ட், ஷுட் பின்னாடியும் 'டு' கிடையாது.

டாக்டர்கிட்ட சொல்றப்போ

இதுதான் முக்கியமான இடம். "ஐ ஸ்டாப்ட் டு டேக் தி டேப்லெட்." "ஐ ஸ்டாப்ட் டேக்கிங் தி டேப்லெட்." முதல் ஆள் மாத்திரை சாப்பிட வண்டியை நிறுத்தினார். ரெண்டாவது ஆள் மாத்திரை சாப்பிடறதையே நிறுத்திட்டார். தமிழ் தெரியாத டாக்டர்கிட்ட இதை மாத்திச் சொன்னா, அது வெறும் கிராமர் மிஸ்டேக் இல்ல.

இதுக்கு ரூல் மனப்பாடம் பண்ண வேண்டாம், தமிழே பிரிச்சுக் காட்டுது. 'சாப்பிட'ன்னு வந்தா டு. 'சாப்பிடறதை'ன்னு வந்தா 'இங்'. "கதவைப் பூட்ட மறந்துட்டேன்": "ஐ ஃபர்காட் டு லாக் தி டோர்." "பூட்டினது ஞாபகம் இருக்கு": "ஐ ரிமெம்பர் லாக்கிங் இட்." "போக முடிவு பண்ணினேன்": "ஐ டிசைடெட் டு கோ." "சாப்பிடறதைத் தவிர்த்தேன்": "ஐ அவாய்டெட் ஈட்டிங்." எல்லா வினைக்கும் இது கச்சிதமா ஒத்து வராது, ஆனா தினசரிப் பேச்சுல நிறைய இடத்துல கைகொடுக்கும்.

ஈமெயில் எழுதறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: "லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ" தப்பு, "டு மீட்டிங் யூ" சரி. இந்த 'டு' இன்ஃபினிட்டிவ் இல்ல, நம்ம 'க்கு' மாதிரி. சோதனை சுலபம். 'டு'க்கு அப்புறம் ஒரு பெயர்ச்சொல் வெச்சுப் பாருங்க. "லுக்கிங் ஃபார்வர்ட் டு தி ட்ரிப்" நிக்குது, அதனால அங்கே 'இங்'. "ஐ யூஸ்ட் டு லிவ் இன் ஸ்ரீரங்கம்"னா முன்னாடி அங்க இருந்தேன், இப்ப இல்ல. "ஐ ஆம் யூஸ்ட் டு லிவிங் இன் ஸ்ரீரங்கம்"னா அங்க இருந்து பழகிடுச்சு.

நடுவுல புகுந்தா தப்பா?

கடைசியா, அட்வெர்பும் இன்ஃபினிட்டிவும் சேர்ற இடம். "டு ரியலி அண்டர்ஸ்டாண்ட்." 'டு'வுக்கும் வினைக்கும் நடுவுல ஒரு வார்த்தை வரலாமா? வரக்கூடாதுன்னு 19-ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ்காரங்க சிலர் கண்டிப்பா சொன்னாங்க. லத்தீன்ல இன்ஃபினிட்டிவ் ஒரே சொல், அதை உடைக்க முடியாது, அதனால இங்கயும் உடைக்காதேன்னு ஒரு விளக்கம் சொல்வாங்க. இன்னைக்கு இலக்கணக்காரங்க பெரும்பாலும் இதைத் தப்புன்னு சொல்றதில்ல. தாராளமா பேசுங்க.

நம்ம 'போக'வும் லத்தீன் மாதிரிதான், உடைக்க முடியாத ஒரே சொல். கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில இருந்து பணி செஞ்ச வீரமாமுனிவர், இத்தாலியில பிறந்த பெஸ்கி, 18-ஆம் நூற்றாண்டுலயே பேச்சுத் தமிழுக்கு லத்தீன்ல ஒரு இலக்கணம் எழுதினார். தெரிஞ்ச மொழியைப் பக்கத்துல வெச்சுத்தான் தெரியாத மொழியை விளக்கினார். நாம இன்னைக்குப் பண்ணதும் அதுதான், திசை மட்டும் வேற. "ஐ கேம் ஃபார் ட்ரிங்கிங்"னு சொல்றவங்களுக்கு மூளை கம்மி இல்ல. அவங்க தமிழ் இலக்கணம் ஒழுங்கா வேலை செய்யுது, மொழிதான் மாறிடுச்சு.

இந்த வாரம் மூணு வாக்கியம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க: "என்னைப் பேச விட்டாங்க." "நாங்க முக்கொம்பு போக முடிவு பண்ணினோம்." "அவன் நேத்து வீட்டுல அமைதியா படிச்சான்." விடைகள் அடுத்த எபிசோட்ல. வரட்டா?