ஆயில் எஞ்சினில் டீசல் பம்பு தளர்ந்தால்...

நெற்பயிர் பால் பிடிக்கும் தருணத்தில் ஆயில் எஞ்சின் மக்கர் செய்தால் உழவர் படும் கவலை கொஞ்சமல்ல. கைப்பிடியை எத்தனை முறை சுற்றினாலும் வெள்ளைப் புகைதான் வரும். ஒருவாறு கிளம்பினாலும் தண்ணீர் இறைப்பு குறையும். பாரம் ஏறியதும் கறுப்புப் புகை கக்கும். டீசல் செலவு கூடும். இந்த நிலையில் பலர் முதலில் நாசிலை மாற்றுகின்றனர். அதிலும் சரியாகாவிட்டால், பிஸ்டன் ரிங்கு தேய்ந்துவிட்டது என்று எண்ணி எஞ்சினையே பிரித்துவிடுகின்றனர். அதற்கு முன்பு டீசல் பம்பைப் பிடித்திருக்கும் நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா என்று பார்த்தால் வீண் செலவைத் தவிர்க்கலாம்.

டீசல் பம்பு என்பது தொட்டியிலிருந்து வரும் டீசலை அழுத்தி நாசிலுக்கு அனுப்பும் சிறு பம்பு. மெக்கானிக்குகள் இதை எப்.ஐ. பம்பு என்பார்கள். கிராமங்களில் உள்ள 5 குதிரைத்திறன் ஒற்றை சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் இது எஞ்சின் உடலின் மேல் அமர்ந்திருக்கும். கீழே சுழலும் கேம், பம்பினுள் உள்ள பிளஞ்சரை மேலே தள்ளும்போது டீசல் பாய்கிறது. நிமிடத்திற்கு 1,500 சுற்று ஓடும் எஞ்சினில் இது ஒரு மணி நேரத்தில் 45,000 முறை நடக்கிறது. ஒவ்வொரு முறையும் கேம் பிளஞ்சரைத் தள்ளுவதோடு பம்பையும் சேர்த்துத் தூக்கப் பார்க்கிறது. நட்டுகள் தளர்ந்திருந்தால் பம்பு சற்று எழும்பி அமரும். அந்த அளவுக்கு டீசல் பாய்வது தாமதமாகிறது.

பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே டீசல் பாய வேண்டும். பல எஞ்சின்களில் இது 20 முதல் 30 டிகிரி முன்பாக இருக்கும். ஓர் எஞ்சினுக்கு உரிய சரியான அளவு அதன் கையேட்டில் இருக்கும். 1,500 சுற்று வேகத்தில் ஒரு டிகிரி என்பது ஒரு வினாடியில் 9,000-ல் ஒரு பங்கு. ஆகவே மயிரிழை ஆட்டமும் எஞ்சினின் திறனைக் குறைத்துவிடும்.

பம்பு ஆடுகிறதா என்பதை அறிவது எளிது. எஞ்சினை நிறுத்தி, ஆறிய பின் பம்பைச் சுற்றி நன்றாகத் துடைக்க வேண்டும். பம்பும் எஞ்சின் உடலும் சேரும் இடத்தில் எண்ணெய்க் கசிவோ, துரு போன்ற செந்நிறத் தூளோ தென்பட்டால் அது ஆட்டத்தின் அடையாளம். இரண்டின் மீதும் சேர்த்துச் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்தினால், கோடு விலகியிருப்பது சில சமயம் தெரியும். நட்டுகள் இறுக்கமாகவே இருந்தால் குறை வேறிடத்தில் உள்ளது. அடைத்த வடிகட்டியையும் குழாயில் புகுந்த காற்றையும் அடுத்தபடியாகக் கவனிக்கலாம்.

கசிவைத் தேடும்போது நாசிலுக்குச் செல்லும் குழாயருகே ஒருபோதும் கையை வைக்கக் கூடாது. அதில் பாயும் டீசலின் அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே செல்லக் கூடியது. வெளியே ஊசி குத்தியது போல மட்டுமே தெரியும். கையையே இழக்க நேரிடலாம். அப்படி நேர்ந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கசிவைப் பார்க்க ஓர் அட்டைத் துண்டு போதும்.

தளர்ந்த நட்டுகளை ஒரே பக்கமாக முறுக்காமல், மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஸ்பிரிங் வாஷர் இல்லாவிட்டால் புதிதாகப் போட வேண்டும். சென்ற பழுதுபார்ப்பில் அதைப் போடாமல் விட்டதே பல இடங்களில் இந்தத் தொல்லைக்குக் காரணம். எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகள் தளர்ந்து அதிர்வதும் மற்றொரு காரணம்.

பம்பின் அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் உள்ளன. இவற்றைக் கைவிரல் கணக்கில் கூட்டவோ குறைக்கவோ கூடாது. தகடு கூடினால் டீசல் தாமதமாகவும், குறைந்தால் முன்னதாகவும் பாயும். மிக முன்னதாகப் பாய்ந்தால் எஞ்சின் ‘டக் டக்’ என்று இடிக்கும். கிளப்பும்போது கைப்பிடி பின்னோக்கி உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். தகடு தொலைந்தால் சிகரெட் அட்டையை வெட்டி வைப்பவர்களும் உண்டு. அட்டை நாளடைவில் நசுங்கும். பம்பு மீண்டும் தளரும்.

நேரம் சரியாக உள்ளதா என்று பார்க்க, பம்பின் மேலுள்ள குழாயைக் கழற்றி, வேக லீவரை முழுதும் திறந்து, பிளைவீலை ஓடும் திசையில் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். பம்பின் வாயில் டீசல் மெல்ல அசைந்து எழும் கணத்தில் சுற்றுவதை நிறுத்தினால், பிளைவீலில் உள்ள டீசல் குறி, எஞ்சின் மீதுள்ள குறிக்கு நேராக நிற்க வேண்டும். 45 செ.மீ. குறுக்களவுள்ள பிளைவீலில் ஒரு டிகிரி என்பது விளிம்பில் சுமார் 4 மி.மீ. இந்தச் சோதனையை முதல் முறை மெக்கானிக்கை வைத்துக்கொண்டு செய்து பழகுவது நல்லது.

பம்பைக் கழற்றி மாட்டினால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பம்பின் பக்கத்தில் நீண்டிருக்கும் ரேக் என்னும் தண்டு, கவர்னர் லீவரின் கவையில் சரியாக அமர வேண்டும். அமராவிட்டால் எஞ்சின் கிளம்பியவுடன் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். அப்போது காற்று உள்ளே செல்லும் வாயை மரப்பலகையால் அடைத்து நிறுத்தலாம். துணியால் அடைத்தால் எஞ்சின் அதை உள்ளே இழுத்துவிடும்.

டிராக்டரில் சங்கதி சற்று வேறு. பல டிராக்டர்களில் பம்பைப் பிடிக்கும் துளைகள் நீளவாக்கில் இருக்கும். நட்டு தளர்ந்தால் பம்பின் உடல், தண்டு சுழலும் திசையிலேயே சிறிது திரும்பிவிடும். அதனால் டீசல் பாய்வது தாமதமாகும். பம்பு முகப்பிலும் எஞ்சினிலும் உள்ள கோடுகளை நேராக்கி இறுக்கினால் பழைய நிலைக்கு வந்துவிடும். கோடு இல்லாவிட்டால் தாமே திருப்பிப் பார்க்காமல் டீசல் பம்பு பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பம்பு சரியாக உள்ளபோதே உளியால் மெல்லிய கோடு ஒன்று போட்டு வைத்துக்கொண்டால், அடுத்த முறை இந்த அலைச்சல் இராது.