கம்பெனியை எந்த ஊரில் பதிவு செய்வது?

திருச்செங்கோட்டில் பூட்டிய ரிக் வண்டிகள் ராஜஸ்தானத்திலும் சத்தீஸ்கரிலும் பூமியைத் துளைத்துக்கொண்டிருக்க, அவற்றுக்கு உதிரி பாகங்கள் கடைந்து தரும் பட்டறைக்காரர் ஒருவர் தம் தொழிலை லிமிடெட் கம்பெனியாக்க நினைத்த மாத்திரத்தில், டில்லியிலோ பெங்களூரிலோ பதிவு செய்தால் வரி குறையுமென்று யோசனை சொல்ல யாராவது வந்துவிடுகிறார்கள்.

அந்த யோசனையில் சாரமில்லை. மாகாணத்துக்கு மாகாணம் கம்பெனிச் சட்டமே வேறுபடும் அமெரிக்காவில் தெலவேர் மாகாணத்தைத் தேடிப் போய்ப் பதிவதற்குக் காரணம் உண்டு. நம் தேசத்திலோ 2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டமும் வருமான வரியும் எங்கும் ஒன்றே. முத்திரைத் தீர்வை மட்டும் மாநிலந்தோறும் மாறும். சரக்கு இங்கிருந்து போகிறதென்றால் ஜி.எஸ்.டி. பதிவும் இங்கேதான் எடுத்தாகவேண்டும்.

அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. பதிவு அலுவலகம் என்று காட்டிய விலாசத்துக்கு வரும் நோட்டீஸ், அங்கே வாங்க ஆளில்லாவிட்டாலும், கம்பெனிக்கு அனுப்பப்பட்டதாகவே கொள்ளப்படும். வாசலில் அந்த வட்டார பாஷையிலும் பெயர்ப் பலகை இருக்கவேண்டும். விலாச விதிகளை மீறினால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வீதம் 1 லட்சம் வரை அபராதம். தொடர்ந்து மூன்று வருஷம் கணக்குத் தாக்கல் செய்யாத கம்பெனியின் டைரக்டர்கள் ஐந்து வருஷத்துக்கு அப்பதவிக்குத் தகுதியிழப்பார்கள். பிறகு சொந்த மாநிலத்துக்கு மாற்றலாமென்றால், விசேஷத் தீர்மானம், பத்திரிகை விளம்பரம், கடன் கொடுத்தவர்களுக்குத் தகவல், மண்டல இயக்குநரின் அனுமதி என்று காலமும் பணமும் விரயமாகும். திருச்செங்கோடு அடங்கிய நாமக்கல் ஜில்லாவுக்குரிய கம்பெனிப் பதிவாளர் அலுவலகமோ கோயம்புத்தூரிலேயே இருக்கிறது.

சரக்குக்குப் பணம் வராவிட்டால் கிடைக்கும் பரிகாரத்துக்கும் விலாசமே ஆதாரம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளருக்கு, சரக்கை ஏற்றுக்கொண்டவர் மிஞ்சிப்போனால் 45 நாளில் பணம் தரவேண்டுமென்றும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டியை மாதந்தோறும் கூட்டிக் கொடுக்கவேண்டுமென்றும் 2006ஆம் வருஷத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. வாங்கினவர் இந்தியாவின் எந்த மூலையில் இருந்தாலும், விற்றவர் இருக்கும் பிரதேசத்து வசதியாக்கல் மன்றமே அவ்வழக்கை விசாரிக்கலாம் என்பது அதே சட்டம் தந்த பாத்தியதை. வெளியூர் விலாசத்தைக் காட்டி இதைச் சிக்கலாக்கிக்கொள்வது விவேகமல்ல.

இன்னொன்றும் நினைவிலிருக்கட்டும்: கம்பெனியின் கடன் முதலாளியைத் தொடாது என்னும் பாதுகாப்பு, பாங்கியில் சொந்த ஜாமீன் எழுதிக்கொடுத்த தொகைக்குச் செல்லாது, எந்த ஊரில் பதிந்தாலும் செல்லாது.

ஆகையால், பட்டறையோ வீடோ, நீங்கள் தினமும் இருக்கும் இடத்தையே விலாசமாகக் கொடுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட மின்கட்டண ரசீதும், வாடகை இடமானால் ஒப்பந்தமும் உரிமையாளரின் சம்மதக் கடிதமும் கையில் வைத்துக்கொண்டு ஆடிட்டரிடம் போங்கள்.