கிண்டியை முதல் வரியில் எழுதலாமா?

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் ஆரணிப் பக்கத்துச் சந்தவாசலில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் இரண்டு கேள்விகள் காதில் விழும். "கட்-ஆப் எவ்ளோ?" "அதுக்கு எந்த காலேஜ் கிடைக்கும்?" முதல் கேள்விக்கு உடனே பதில் வந்துவிடும். இரண்டாவதற்கு ஆளுக்கொரு பதில். போன வருஷம் சேர்ந்த பக்கத்துத் தெருப் பையன் ஒன்று சொல்வான். பிரவுசிங் சென்டர்காரர் ஒன்று சொல்வார். நோட்டீஸோடு வீடு தேடி வரும் தனியார் கல்லூரி ஏஜென்ட் வேறொன்று சொல்வார். கூலிக்குப் பட்டு நெய்யும் அப்பா யார் பேச்சை நம்புவது என்று தெரியாமல், கடைசியில் சத்தமாகப் பேசியவர் பேச்சைக் கேட்டுவிடுவார்.

சரி, எந்தக் கல்லூரியை முதல் வரியில் எழுதுவது? இந்தக் கேள்விக்குக் கணிதத்தில் ஓர் அருமையான விடை இருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் பழைய விடை. நோபல் பரிசும் வாங்கியது. ஆரணி வட்டாரத்துத் தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

முதலில் கட்-ஆப்பைப் பார்த்துவிடுவோம். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. இயற்பியலிலும் வேதியியலிலும் வாங்கியதைப் பாதியாக்குவதால், மாநிலப் பாடத்திட்ட மாணவரின் கட்-ஆப் அரை அரை மதிப்பெண்ணாகத்தான் ஏறி இறங்கும். 200க்கும் ஏறத்தாழ 80க்கும் நடுவே இப்படிச் சுமார் 240 படிகள். 2025 தரவரிசைப் பட்டியலில் இடம்பெற்றவர்களோ 2 லட்சத்து 41 ஆயிரத்துக்கும் மேல். வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஒரு படிக்கு ஆயிரம் பேர்! "அரை மார்க்தானே" என்று நாம் சொல்லும் அந்த அரை மார்க்கில் ஒரு பெரிய பள்ளிக்கூடமே நிற்கிறது.

ஒரே படியில் நிற்பவர்களுக்குள்ளும் முன்பின் உண்டு. கணிதத்தில் 100, இயற்பியலிலும் வேதியியலிலும் 90 வாங்கியவருக்கு 190. கணிதத்தில் 90, மற்ற இரண்டிலும் 100 வாங்கியவருக்கும் அதே 190. ஆனால் கணிதத்தில் கூடுதலாக வாங்கியவரே முன்னால் நிற்பார். அதிலும் சமம் என்றால் இயற்பியல், பிறகு மற்ற மதிப்பெண்கள் என்று போய், எல்லாமே சமமாக இருந்தால் கடைசியில் ரேண்டம் எண் தீர்மானிக்கும். ஆக "எனக்கு 190, எந்தக் கல்லூரி?" என்ற கேள்வி பாதிக் கேள்விதான். ரேங்க் தெரிந்த பிறகுதான் அது முழுக் கேள்வியாகும்.

மதிப்பெண் ஒரே இடத்தில் நிற்க, ரேங்க் நகர்ந்துவிடும். 2024இல் 200க்கு 200 வாங்கியவர்கள் 65 பேர். 2025இல் 144 பேர். உச்சியிலேயே இவ்வளவு வேறுபாடு என்றால் நடுவில் எப்படி இருக்கும்? வினாத்தாள் எளிதானால் எல்லோருடைய மதிப்பெண்ணும் சேர்ந்து ஏறும், கடினமானால் சேர்ந்து இறங்கும். 2021இல் கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அக மதிப்பீட்டிலிருந்து 30 என்று கூட்டி மதிப்பெண் கொடுத்தார்கள். அந்த ஆண்டின் 185ஐயும் அதற்கு முந்தைய ஆண்டின் 185ஐயும் ஒன்றாகப் பார்ப்பதில் பொருளே இல்லை. ஆனால் ஒரு பாடப்பிரிவு எந்த ரேங்க்கோடு நிரம்புகிறது என்பது அந்த அளவுக்கு ஆடாது. கல்லூரிகளின் இடங்களும் மாணவர்களின் விருப்பங்களும் ஒரே ஆண்டில் தலைகீழாக மாறுவதில்லை என்பதால், "போன வருஷம் இந்தப் பிரிவு எந்த ரேங்க் வரை போனது" என்பது ஓரளவு நம்பத்தக்க வழிகாட்டி.

ஓரளவுதான். ஏனென்றால் கடைசி மதிப்பெண், கடைசி ரேங்க் என்பவை ஒரு பிரிவில் சேர்ந்த எல்லோரையும் பற்றிய தகவல் அல்ல, கடைசியாக நுழைந்த ஒரே ஒருவரைப் பற்றிய தகவல். புள்ளியியலில் இத்தகைய விளிம்பு எண்களை எப்போதும் எச்சரிக்கையோடு பார்ப்பார்கள். கூட்டம் சிறியதாக ஆக ஆக விளிம்பின் ஆட்டம் கூடிக்கொண்டே போகும்.

சந்தவாசலிலிருந்து மேற்கே பார்த்தால் தெரிகிறதே ஜவ்வாது மலை, அங்கிருந்து வரும் பழங்குடி மாணவியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. நூறு இடம் உள்ள பிரிவில் ஓர் இடம். போன ஆண்டு அந்த இடத்தை 185 வாங்கிய ஒருவர் எடுத்திருந்தால், "பழங்குடிப் பிரிவில் கடைசி மதிப்பெண் 185" என்று இணையத்தில் பதிவாகும். அவர் மருத்துவத்துக்குப் போயிருந்தால் அந்த இடம் அடுத்தவருக்குப் போயிருக்கும். அவருக்கு 168 என்று வைத்துக்கொண்டால் பதிவாகியிருப்பது 168. கல்லூரி அதேதான், பாடமும் அதேதான். ஒருவர் மனம் மாறியிருந்தால் எண் 17 இறங்கியிருக்கும். பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5 விழுக்காடு என்பதால் நூறு இடத்தில் 26, 27 பேர் வருவார்கள். அங்கே ஒருவர் விலகினால் அடுத்தவர் அரை மார்க், ஒரு மார்க் பின்னால் நிற்பார். எண் அவ்வளவாக அசையாது. மலையிலிருந்து வந்த மாணவி 172 வைத்துக்கொண்டு 185ஐப் பார்த்துப் பின்வாங்கினால், அவள் பயந்தது முன்பின் தெரியாத ஒருவரின் போன வருஷத்து விருப்பத்தைப் பார்த்துத்தான்.

இனி விருப்பப் பட்டியலுக்கு வருவோம், முதலில் அதன் பின்னணி. தமிழ்நாட்டில் 1984-85இல் தொடங்கிய நுழைவுத்தேர்வை 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. அதற்கு முன் நுழைவுத்தேர்வு பற்றி ஆராய அரசு அமைத்த குழுவின் தலைவர் மு. ஆனந்தகிருஷ்ணன். இதே ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வாணியம்பாடியில் பிறந்தவர். அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். ஒற்றைச்சாளரச் சேர்க்கையோடு சேர்த்துப் பேசப்படும் பெயர். 2017 வரை மாணவர்கள் பெற்றோரோடு பஸ் ஏறி, கலந்தாய்வுக்காகக் கிண்டியில் உள்ள அந்தப் பல்கலைக்கழகத்துக்கே போனார்கள். திரையில் காலி இடங்கள் தெரியும். முறை வந்ததும் அதைப் பார்த்துச் சில நிமிடங்களில் சொல்ல வேண்டும். 2018இல் கலந்தாய்வு இணையத்துக்கு வந்தது. இப்போது நேரில் போக வேண்டியதில்லை. நேரில் போயிருந்தால் எதை எதை எந்த வரிசையில் கேட்டிருப்போமோ அதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். அதுதான் சாய்ஸ் ஃபில்லிங்.

எழுதிக் கொடுத்ததைக் கணினி என்ன செய்கிறது? ஒவ்வொரு சுற்றிலும் ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கிறது. உங்கள் முறை வரும்போது முதல் வரியைப் பார்க்கிறது: கல்லூரி எண் 1, கிண்டி பொறியியல் கல்லூரி, கணினி அறிவியல். பொதுப் பிரிவிலோ உங்கள் சமூகப் பிரிவிலோ இடம் இருக்கிறதா? இல்லை. இரண்டாம் வரி: எண் 4, குரோம்பேட்டை எம்ஐடி. இல்லை. இப்படியே இறங்கி ஏழாம் வரியில் வேலூர் பாகாயத்துத் தந்தை பெரியார் அரசினர் தொழில்நுட்பக் கழகத்தில் ஓர் இடம் இருந்தால் அதை உங்கள் பெயரில் எழுதிவிட்டு அடுத்த ரேங்க்காரரிடம் போகிறது. மேலே இருக்கும் ஆறு வரிகளும் உங்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. உங்கள் பட்டியலைப் பார்த்து முடிக்கும் வரை உங்களுக்குப் பின்னால் நிற்கும் எவராலும் அந்தப் பாகாயம் இடத்தைத் தொட முடியாது. கடைக்குப் போகும் பிள்ளையிடம் "பொன்னி இருந்தா பொன்னி வாங்கு, இல்லேன்னா ஐஆர் எட்டு" என்று சொல்லி அனுப்புவது போலத்தான் இது. பொன்னியை முதலில் சொன்னதால் ஐஆர் எட்டு தீர்ந்துபோய்விடாது.

ஆகவே இந்த முறையில் வாய்ப்பைக் கணக்கிட்டு வரிசையை மாற்றுவதால் இம்மியளவும் லாபம் இல்லை. மனதில் இருக்கும் வரிசையை உள்ளபடி எழுதுவதே ஆகச் சிறந்த உத்தி. இது தைரியம் சொல்வதற்காகச் சொல்வதல்ல, நிரூபிக்கப்பட்ட கணித உண்மை. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இருவர் 1962இல் கல்லூரிச் சேர்க்கை பற்றி எழுதிய சிறு கட்டுரையிலிருந்து வளர்ந்த துறை இது. ஷாப்லிக்கும், அந்தக் கோட்பாட்டைப் பள்ளிச் சேர்க்கையிலும், மருத்துவர்களை மருத்துவமனைகளுக்கு ஒதுக்குவதிலும் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆல்வின் ராத்துக்கும் 2012இல் பொருளாதார நோபல் கிடைத்தது. கேல் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். ஐஐடி, என்ஐடி இடங்களுக்கு 2015 முதல் நடக்கும் கூட்டுச் சேர்க்கையும் அதே கேல்-ஷாப்லி வழியில் வந்ததுதான்.

எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் இப்படி இருந்ததில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிச் சேர்க்கையில் 2005 வரை வேறு முறை. ஒரு பள்ளியை முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கே அங்கு முன்னுரிமை. ஆசைப்பட்ட பள்ளியை முதலில் எழுதி அது கிடைக்காமல் போனால், இரண்டாவதாக எழுதிய பள்ளி அதற்குள் நிரம்பிவிடும். அங்கே பயம் நியாயமானது. விவரம் தெரிந்த பெற்றோர் கூடிப் பேசி, எதை முதலில் எழுதினால் தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். தெரியாதவர்களின் பிள்ளைகள் நஷ்டப்பட்டார்கள். பொருளியலாளர்கள் இதை எடுத்துக்காட்டிய பிறகு நகரம் முறையையே மாற்றியது. நம் ஊரில் இன்னும் நிலவும் "கிடைக்காததை மேலே போட்டால் கிடைக்கிறதும் போயிடும்" என்ற பேச்சு பாஸ்டனின் பழைய முறைக்குத்தான் பொருந்தும். தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கு அது துளியும் பொருந்தாது.

பயந்து வரிசையை மாற்றினால் நஷ்டம் உண்டு. பாதுகாப்புக்காக ஒரு சாதாரணக் கல்லூரியை முதல் வரியில் எழுதினால் அது கிடைத்துவிடும். கணினி அங்கேயே நின்றுவிடும். ஒதுக்கீடு வந்த பின் "இதை ஏற்கிறேன், மேலே உள்ளது கிடைத்தால் மாறுவேன்" என்று சொல்லும் வசதி இருக்கிறது. அப்வர்ட் என்பார்கள். மேலே எதுவுமே எழுதவில்லை என்றால் எங்கே மாறுவது?

கரோலின் ஹாக்ஸ்பி, கிறிஸ்டோபர் ஏவரி என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்காவில் மிக நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களைப் பற்றி ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்கள் தகுதிக்கு ஏற்ற பெரிய கல்லூரி எதற்கும் விண்ணப்பமே போடவில்லை. உதவித்தொகையைக் கழித்தால் அந்தக் கல்லூரிகள்தான் அவர்களுக்கு மலிவு, அப்படியிருந்தும் போடவில்லை. இவர்கள் பெருநகரங்களை விட்டுத் தள்ளி, தங்களைப் போல் படிக்கும் இன்னொருவர் பக்கத்தில் இல்லாத ஊர்களில் சிதறிக் கிடந்தார்கள். படித்தபோது எனக்கு நம் கிராமத்து அரசுப் பள்ளிகள்தான் கண்முன் வந்தன. அமெரிக்காவில் விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் கட்டணம் உண்டு, கட்டுரையும் எழுத வேண்டும். இங்கே கிண்டியைச் சேர்த்து எழுத ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக ஆகாது. அப்படியும் எழுதாமல் விடுகிறார்கள் என்பதுதான் வேதனை.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. 120 இடம் உள்ள பிரிவில் 9 இடம் இந்த ஒதுக்கீட்டில் வரும். இதற்கென்று தனி ரேங்க் உண்டு. பொது ரேங்க்கில் இருபதாயிரத்துக்கு அப்பால் இருப்பவர் இந்த வரிசையில் எவ்வளவோ முன்னால் இருக்கலாம். அரசுப் பள்ளி மாணவர் பொதுப் பிரிவின் கடைசி மதிப்பெண்ணைப் பார்த்துத் தன் வாய்ப்பை எடைபோடுவது தவறான தராசில் நிற்பதுதான்.

அப்படியானால் வாய்ப்பைக் கணக்கிடவே வேண்டாமா? வேண்டும், பட்டியலின் அடிப்பகுதிக்காக. போன சில ஆண்டுகளின் கடைசி ரேங்க்கைப் பார்த்து, உங்கள் ரேங்க்குக்கு உறுதியாகக் கிடைக்கும் நாலைந்து இடங்கள் பட்டியலின் கீழே இருக்கின்றனவா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆரணியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியே இருக்கிறது; வீட்டிலிருந்து போய் வர வேண்டியவர்கள் அதை மறக்க வேண்டாம். இரண்டாம், மூன்றாம் சுற்றில் வருபவர்கள் யூகிக்கவே தேவையில்லை. முந்தைய சுற்று முடிந்ததும் மிச்சமுள்ள இடங்களை இணையத்தில் போட்டுவிடுகிறார்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கலந்தாய்வு தொடங்கும் முன்பே "இந்த மார்க்குக்கு இதுதான் கிடைக்கும், இப்பவே அட்வான்ஸ் கட்டுங்க" என்று சொல்பவரிடம் பணமும் கொடுக்காதீர்கள், ஒரிஜினல் சான்றிதழும் கொடுக்காதீர்கள். அவருக்கும் தெரியாது; யாருக்கும் தெரியாது. பாஸ்வேர்டும் ஓடிபியும் பிள்ளையிடமே இருக்கட்டும். சாய்ஸை அவர்களே உட்கார்ந்து போடட்டும், சந்தேகம் வந்தால் அரசின் உதவி மையத்தில் கேட்கட்டும். லாக் செய்வதற்கு முன் பட்டியலை வீட்டில் எல்லோரும் கேட்க ஒருமுறை சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். முதல் வரியில் இருப்பது உங்கள் பிள்ளை உண்மையிலேயே ஆசைப்படும் கல்லூரிதானா என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்றால், லாக் செய்வதற்குள் மாற்றிவிடலாம்.