கோப்புப் பரிமாற்றக் கலைச்சொற்கள்

சங்கராபுரத்திலோ கல்வராயன் மலைச் சிற்றூரிலோ வாழும் மாணவர், உயர்கல்விக்கு இணையவழி விண்ணப்பிக்கும்போது மதிப்பெண் சான்றிதழைக் கோப்பாக அனுப்புதல் வேண்டும். அச்செயலுக்குரிய சொற்களின் பொருளை அறியாதார், தகுதியிருந்தும் இறுதி நாளைத் தவறவிட நேரும்.

கணினியில் பெயரிட்டுச் சேமிக்கப்படும் தரவுத் தொகுப்பு கோப்பு எனப்படும். இணையப் பக்கங்களைக் காட்டும் மென்பொருள் உலாவி. கேட்கும் கணினிகளுக்குத் தரவுகளை வழங்கும் கணினி சேவையகம். நம் கணினியிலிருந்து சேவையகத்திற்குக் கோப்பை அனுப்புதல் பதிவேற்றம். அங்கிருந்து பெறுதல் பதிவிறக்கம்.

கணினிகள் தம்முள் தரவு பரிமாறப் பின்பற்றும் விதிகளின் தொகுப்பு நெறிமுறை. கோப்புப் பரிமாற்ற நெறிமுறையை 1971ஆம் ஆண்டு முதன்முதலில் வரைந்தவர், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற அபய் பூஷன் ஆவார். அந்நெறிமுறை கடவுச்சொல்லை மறைக்காமலே அனுப்பும். ஆதலின், இன்று மறையாக்கம் செய்யும் நெறிமுறைகளே பெரிதும் விரும்பப்படுகின்றன.

பிட், பைட் ஆகிய அலகுகளைப் பிரித்தறிதலும் தேவை. 8 பிட்டுகள் சேர்ந்தது 1 பைட். இணைப்பின் வேகம் பிட்டிலும், கோப்பின் அளவு பைட்டிலும் குறிக்கப்பெறும். ஆகவே, நொடிக்கு 1 மெகாபிட் வேகமுடைய இணைப்பில் 5 மெகாபைட் கோப்பு 5 நொடிகளில் சென்றுவிடாது. ஏறத்தாழ 40 நொடிகள் ஆகும். அதே கோப்பை 1 மெகாபைட்டாகச் சுருக்கினால் 8 நொடிகள் போதும். அலைபேசிச் சமிக்ஞை மெலிந்த மலையூர்களில் இச்சுருக்கமே பதிவேற்றம் இடையில் அறுபடாமல் காக்கும்.

பதிவேற்றம் முடிந்ததெனத் திரையில் உறுதிசெய்த பின்னரே உலாவியை மூடுக. விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொள்க.