விசில் ஊதியவரை விமர்சித்தால் அபராதமா?

2023 ஏப்ரல் 12, சென்னை சேப்பாக்கம் மைதானம். சொந்த ஊரில் ஆடிய சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை ராஜஸ்தான் ராயல்ஸ் 3 ஓட்டங்களில் வீழ்த்தியது. ஆட்ட நாயகன் விருது ராஜஸ்தான் அணியில் இருந்த சென்னைக்காரர் ரவிச்சந்திரன் அஸ்வினுக்கு. ஆட்டம் முடிந்து செய்தியாளர்களைச் சந்தித்தபோது அவர் ஒரு விஷயத்தைச் சொன்னார். பனி இறங்கியதால் நடுவர்கள் தாங்களாகவே பந்தை மாற்றிவிட்டார்கள், யாரும் கேட்கவில்லை, அது தமக்கு வியப்பாக இருந்தது என்றார். மாற்றுவதென்றால் எல்லா ஆட்டத்திலும் ஒரே அளவுகோல் வேண்டும் என்பதுதான் அவர் பேச்சின் சாரம்.

யாரையும் அவர் திட்டவில்லை. ஆனாலும் ஆட்டக் கட்டணத்தில் 25 விழுக்காடு அபராதம் விழுந்தது. ஐபிஎல் நடத்தை விதி 2.7-இன் கீழ் வரும் முதல் நிலைக் குற்றம் அது. ஆட்டத்தில் நடந்ததைப் பொதுவெளியில் விமர்சிப்பதைப் பற்றிய விதி.

அண்மையில் என் காலை நிகழ்ச்சியில் இதையே நேயர்களிடம் கேள்வியாக வைத்தேன். நடுவரைக் குறை சொன்னால் அபராதம் போடுவது நியாயமா? காற்பந்து, கிரிக்கெட் என்றால் நம்மவர்களுக்குச் சொல்லவா வேண்டும்? அழைப்புகள் நிற்கவே இல்லை. கிள்ளானிலிருந்து ஒரு லோரி ஓட்டுநர், "கூலி வாங்குறவன் வேலையைச் சரியா செய்யலைன்னா கேக்கக் கூடாதா?" என்றார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து பேசிய ஓர் ஆசிரியை, "நான் போட்ட மார்க்கு பிடிக்கலைன்னு மாணவன் மைக் போட்டுத் திட்டினா, மறுநாள் நான் எப்படி வகுப்புக்குப் போறது?" என்றார். இரண்டு பேர் பேச்சிலும் உண்மை இருந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஆசிரியை பக்கம் நின்று பார்ப்போம்.

என் சித்தப்பா மகன் கிள்ளான் வட்டாரத்தில் சிறுவர் காற்பந்து ஆட்டங்களுக்கு நடுவராகப் போகிறான். வார நாளில் அலுவலக வேலை, ஞாயிற்றுக்கிழமை விசில். கிடைக்கும் பணம் பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும். ஒரு முறை 12 வயதுப் பையன்கள் ஆட்டத்தில் பெனால்டி கொடுத்ததற்கு, ஒரு பையனின் அப்பா கார் நிறுத்துமிடம் வரை துரத்தி வந்து, "எவ்வளவுடா வாங்கினே?" என்று கேட்டிருக்கிறார். அவன் என்னிடம் சொன்னது இன்னும் மனத்தில் நிற்கிறது. "அக்கா, கோச்சுக்குப் பிடிக்கலைன்னா பேப்பர்ல பேசலாம், பேஸ்புக்ல போடலாம். நான் யாருகிட்ட பேசறது?"

நடுவருக்குப் பேச்சுரிமை இல்லை. எந்தப் பெரிய லீக்கிலும் ஆட்டம் முடிந்ததும் பயிற்றுநர் கேமரா முன்னால் வந்து நிற்பார். நடுவர் தம் அறைக்குப் போய்விடுவார். ஒருவர் மட்டும் பேசும் சண்டை இது. அதோடு, தொலைக்காட்சியில் புகழ்பெற்ற பயிற்றுநர் ஒருவர் "நடுவர் எங்களுக்கு எதிரி" என்று சொன்னால், அடுத்த ஞாயிறே நம் தாமான் திடலில் அந்தச் சொல் கேட்கும். லீக் நிர்வாகங்கள் அபராத விதியை வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் லோரி ஓட்டுநர் சொன்னது தவறா? அதற்கு ஆஸ்திரேலியா வரை போய்வர வேண்டும்.

சிட்னியில் உறவினர் இருப்பவர்களுக்கு ரக்பி லீக் தெரிந்திருக்கும். அணிக்கு 13 பேர் ஆடும் முரட்டு ஆட்டம். அங்கே என்ஆர்எல் என்ற பெரிய லீக், நடுவர்களைக் குறை சொல்லும் பயிற்றுநர்களுக்குப் பல்லாயிரம் டாலர் அபராதம் போடுவது வழக்கமான செய்தி. 2021 ஆகஸ்டில் சிட்னி ரூஸ்டர்ஸ், சவுத் சிட்னி ஆட்டத்தில் லட்ரெல் மிட்செல் மோதியதில் ரூஸ்டர்ஸ் ஆட்டக்காரர் ஜோசப் மானுவின் கன்ன எலும்பு உடைந்தது. மிட்செலுக்குக் கிடைத்ததோ 10 நிமிட வெளியேற்றம்தான். ரூஸ்டர்ஸ் பயிற்றுநர் டிரெண்ட் ராபின்சன் கொதித்துப் போனார். செய்தியாளர்களிடம் நடுவர்களைக் கடுமையாகச் சாடினார். லீக் அவருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

அதே லீக் நிர்வாகம், மிட்செலை முழுமையாக வெளியேற்றியிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டது. காணொளி அறையில் இருந்த அதிகாரி அடுத்த சுற்றுக்கு ஒதுக்கப்பட்டார். மிட்செலுக்கு 6 ஆட்டத் தடை வந்தது. அதாவது, ராபின்சன் சொன்னதன் உள்ளடக்கம் சரி, சொன்னதற்குத் தண்டனையும் உண்டு. பார்க்கும் ரசிகனுக்கு என்ன தோன்றும்? உண்மையைச் சொன்னாலும் உதை என்றுதானே?

இன்னும் பழைய கதை ஒன்று நம் மனத்துக்கு நெருக்கமானது. 1999 ஜனவரி, அடிலெய்டு. இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் முத்தையா முரளிதரனின் பந்துவீச்சு முறையற்றது என்று நடுவர் ராஸ் எமர்சன் 'நோ பால்' கொடுத்தார். 1995-இல் மெல்பர்னில் டேரல் ஹேர் செய்ததும் இதையேதான். அதன் பிறகு 1996-இல் முரளியின் கை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டு, அவருடைய பந்துவீச்சுக்கு அனுமதியும் கிடைத்திருந்தது. இலங்கை அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க நடுவருக்கு நேராக விரல் நீட்டி வாதாடினார். அணியை எல்லைக் கோடு வரை அழைத்துப் போய்விட்டார். ஆட்டம் தடைபட்டது. பின்னர் அவருக்கு ஆட்டக் கட்டணத்தில் 75 விழுக்காடு அபராதமும், நிறுத்திவைக்கப்பட்ட 6 ஆட்டத் தடையும் கிடைத்தன.

ரணதுங்க விரல் நீட்டிய விதம் அழகில்லை. நடுவரை உலகமே பார்க்க அப்படி நிற்கவைத்ததற்கு அபராதம் தகும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அன்று அந்த அணித் தலைவர் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால்? பின்னாளில் நடந்த ஆய்வுகள், பந்து வீசும்போது ஏறக்குறைய எல்லாருடைய முழங்கையும் ஓரளவு நீளுகிறது என்று காட்டின. 2005-இல் 15 பாகை வரை அனுமதி என்று விதி மாறியது. முரளி 2010-இல் 800 டெஸ்ட் விக்கெட்டுகளோடு ஓய்வு பெற்றார். எதிர்ப்புக் குரல் எழுந்ததால்தான் கேள்வி உயிரோடு இருந்தது.

ஆக, அபராதமே கூடாது என்று சொல்ல முடியவில்லை. எல்லாவற்றுக்கும் அபராதம் என்றும் சொல்ல முடியவில்லை. கோட்டை எங்கே போடுவது?

ஊடகவியல் படித்த காலத்தில் நீதிமன்றச் செய்தி எழுதுவதைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடம் இங்கே உதவுகிறது. தீர்ப்பை நல்லெண்ணத்தோடு விமர்சிக்கலாம். "இந்தச் சட்டப்பிரிவைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்" என்று எழுதலாம். ஆனால் நீதிபதிக்கு உள்நோக்கம் கற்பித்தால் அது நீதிமன்ற அவமதிப்பு. நாட்டின் உயர்ந்த நீதிமன்றத் தீர்ப்பையே இந்த வரம்புக்குள் விவாதிக்க முடியும் என்றால், ஒரு பெனால்டியை விவாதிக்கக் கூடாதா?

இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள், பல வழக்குகள் தெளிவாகிவிடும்.

2023 ஏப்ரலில் டோட்டன்ஹாமை 4-3 என்று வென்ற பிறகும் லிவர்பூல் நிர்வாகி யூர்கன் குளோப், நடுவர் பால் டியர்னிக்குத் தம் அணிமீது ஏதோ இருக்கிறது என்ற பொருள்படப் பேசினார். அது தீர்ப்பைப் பற்றிய பேச்சு அல்ல, ஒரு மனிதரின் நேர்மையைப் பற்றிய பேச்சு. 75,000 பவுண்ட் அபராதமும் 2 ஆட்டத் தடையும் (அதில் ஒன்று நிறுத்திவைக்கப்பட்டது) விதிக்கப்பட்டன. நான் லிவர்பூல் ரசிகைதான். இருந்தாலும் அந்த அபராதம் நியாயம்.

2025 ஜூனில் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டம் ஒன்றில் அதே அஸ்வின், தமக்கு எல்பிடபிள்யூ கொடுத்த பெண் நடுவரிடம் திடலிலேயே வாதாடினார். போகும் வழியில் மட்டையால் காலுறையை ஓங்கி அடித்தார். மொத்தம் 30 விழுக்காடு அபராதம். நடுவருக்கு அதிருப்தி காட்டியதற்கு 10, ஆட்டக் கருவியைத் தவறாகக் கையாண்டதற்கு 20. தீர்ப்பு சரியோ தவறோ, இளம் நடுவர் ஒருவரை எல்லார் முன்னாலும் அப்படி நிறுத்துவது தவறு. இதுவும் நியாயமே.

ஆனால் 2023 சேப்பாக்கம்? அங்கே அஸ்வின் யாருக்கும் உள்நோக்கம் கற்பிக்கவில்லை. விதி எல்லாருக்கும் ஒரேபோல் இருக்க வேண்டும் என்று கேட்டார். அந்த 25 விழுக்காடு, என் பார்வையில், நியாயமற்றது. மரியாதையாகக் கேட்ட கேள்விக்கும் விலை வைத்தால், அடுத்த தலைமுறை ஆட்டக்காரர்கள் கற்பது மரியாதையை அல்ல, மௌனத்தை.

அபராதத்தை முடிவு செய்வது யார் என்பதும் முக்கியம். 2023 நவம்பரில் நியூகாசலிடம் 1-0 எனத் தோற்றதும் அர்சனல் நிர்வாகி மிக்கேல் ஆர்டெட்டா, அந்தக் கோலை அனுமதித்தது வெட்கக்கேடு என்று வெடித்தார். இங்கிலாந்து காற்பந்து சங்கம் அவர்மீது குற்றம் சாட்டியது. ஆனால் விசாரித்தது சுயேச்சையான ஆணையம். அவருடைய விளக்கத்தைக் கேட்டு, டிசம்பரில் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தது. காரணங்களையும் எழுத்தில் வெளியிட்டது. குற்றம் சாட்டுபவரே நீதிபதியாகவும் இருந்தால் இது நடந்திருக்குமா?

அடுத்தது, கேள்வி கேட்க ஒரு வாசல் வேண்டும். கிரிக்கெட்டில் டிஆர்எஸ் வந்த பிறகு ஆட்டக்காரர் கையால் 'டி' காட்டினால் போதும், வாய்ச்சண்டை தேவையில்லை. என்ஆர்எல் 2020-இல் அணித் தலைவரே நடுவரின் முடிவை மறுஆய்வுக்கு அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. மலேசிய சூப்பர் லீக்கிலும் இப்போது விஏஆர் இருக்கிறது. இங்கிலாந்தில் 2023 செப்டம்பர் 30 அன்று லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்ட நல்ல கோல் தவறாக மறுக்கப்பட்டது நினைவிருக்கும். நம் மாமாக் கடைகளில் அன்றிரவு தே தாரிக் ஆறிப்போனதுதான் மிச்சம். நடுவர் அமைப்பு தவற்றை ஒப்புக்கொண்டது. சில நாட்களில் விஏஆர் அறையில் பேசியதை ஒலிப்பதிவாகவே வெளியிட்டது. கேட்டவர்களுக்கு ஒன்று புரிந்தது. அது சூழ்ச்சி அல்ல, அவசரத்தில் நேர்ந்த குழப்பம். ஆயிரம் அபராதம் போட்டும் கிடைக்காத நம்பிக்கை, ஓர் ஒலிப்பதிவில் ஓரளவு திரும்பக் கிடைத்தது.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கேயும் கட்டொழுங்குக் குழு உண்டு, அபராதமும் உண்டு. ஆனால் நம் காற்பந்தின் பொருளாதாரம் வேறு. சம்பள பாக்கி வைத்த கிளப்புகளைப் பற்றி ஆண்டுதோறும் படிக்கிறோம். கோடிகளில் புரளும் ஐபிஎல் ஆட்டக்காரருக்கு ஓர் ஆட்டக் கட்டணத்தில் கால் பங்கு என்பது கையிலிருந்து விழுந்த சில்லறை. சம்பளமே வராத பயிற்றுநருக்குச் சில ஆயிரம் வெள்ளி என்பது வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிச் செலவு. அபராதம் வருமானத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும். அப்படி வசூலாகும் பணம் இளம் நடுவர்களின் பயிற்சிக்கும் பாதுகாப்புக்கும் போக வேண்டும். நடுவருக்காகத்தான் அபராதம் என்றால், அந்தக் காசு நடுவரைச் சேரட்டுமே.

இன்னொன்றும் கேட்கிறேன். ஆட்டம் முடிந்து, சூடு தணிந்த பிறகு, சர்ச்சைக்குரிய முடிவை நடுவர் பிரிவின் பொறுப்பாளர் ஒருவர் வாரம் ஒருமுறை விளக்கலாம். தமிழ் வானொலியில் இடம் வேண்டுமென்றால், என் நிகழ்ச்சியில் பத்து நிமிடம் ஒதுக்க நான் தயார். என் தம்பி கேட்டானே, "நான் யாருகிட்ட பேசறது?" என்று. அவனைப் போன்றவர்களுக்கும் ஒரு மைக் வேண்டும். ஒருவரைப் பேசவிடாமல் செய்வதைவிட, இருவரையும் பேசவைப்பது நல்லது.

இதெல்லாம் சங்கங்கள் செய்ய வேண்டியவை. நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குக் கூட்டமோ தீர்மானமோ தேவையில்லை. அடுத்த ஞாயிறு பிள்ளையின் ஆட்டத்தைப் பார்க்கத் திடல் ஓரம் நிற்கும்போது, நடுவர் கொடுத்த முடிவு பிடிக்கவில்லையா? ஆட்டம் முடிந்ததும் அருகில் போய், "தம்பி, அது எப்படி பெனால்டி?" என்று தாராளமாகக் கேளுங்கள். "எவ்வளவு வாங்கினே?" என்று மட்டும் கேட்காதீர்கள். பக்கத்தில் உங்கள் பிள்ளை நின்று கேட்டுக்கொண்டிருப்பான்.