ஆறு மணி நேரக் கல்யாணமும் ஒரே ஒரு டிவிடியும்

போன மாதம் வீடியோ காலில் பேசும்போது அக்கா மகள் ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, பூட்டி ஆச்சி ஏன் கட்டம் கட்டமா தெரியறாங்க?"

திருநெல்வேலி வீட்டு டிவியில் அக்காவின் கல்யாண டிவிடி ஓடிக்கொண்டிருந்தது. டல்லாஸில் உட்கார்ந்திருந்த எனக்குப் பதில் நன்றாகவே தெரியும். ஆச்சியைக் கட்டம் கட்டமாக ஆக்கினதே நான்தான்.

2007-ல் அக்கா கல்யாணம். நான் அப்போது இன்ஜினியரிங் கடைசி வருடம். வீடியோ எடுத்தவர் அப்பாவுக்குத் தெரிந்தவர். பெண் அழைப்பில் இருந்து மறுவீடு வரைக்கும் ஆறு டிஜிட்டல் கேசட், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். "மூணு டிவிடியா போட்டுத் தரேன்" என்றார் அவர். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "ஏலே, நீ கம்ப்யூட்டர் படிக்கிறவன்தானே? எல்லாத்தையும் ஒரே டிஸ்க்ல போட்டுக் குடு. ஊர்ல டிஸ்க்க மாத்தி மாத்திப் போட்டுட்டு இருக்க யாருக்குத் தெரியும்?"

எனக்கோ பெருமை தாங்கவில்லை. கேமராவையும் கேசட்களையும் இரண்டு நாள் இரவல் வாங்கி, கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அந்தக் கேசட்டில் ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 13 ஜிபி. ஆறு மணி நேரத்துக்கு 78 ஜிபி. அதை 4.7 ஜிபி டிவிடிக்குள் அடக்க வேண்டும்.

இந்தக் கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. 4.7 ஜிபி என்றால் 470 கோடி பைட், அதாவது 3,760 கோடி பிட். இதை மொத்த வினாடிகளால் வகுத்தால் ஒரு வினாடிக்கு எவ்வளவு கிடைக்கும் என்று தெரிந்துவிடும். இரண்டு மணி நேரப் படம் என்றால் வினாடிக்கு 52 லட்சம் பிட். படம் பளிச்சென்று இருக்கும். மூன்று மணி நேரம் என்றால் 35 லட்சம், மோசமில்லை. ஆறு மணி நேரம் என்றால் 17 லட்சம்தான். அதிலும் சத்தத்துக்கு 2 லட்சம் போய்விடும். கேசட்டில் வினாடிக்கு இரண்டரைக் கோடி பிட்டாக இருந்த படத்துக்கு, மிஞ்சுவது 15 லட்சம்.

இவ்வளவு சுருக்கினால் என்ன ஆகும்? டிவிடிக்கான சுருக்கும் முறை ஒவ்வொரு படத்தையும் முழுசாகச் சேமிக்காது. முந்தைய படத்துக்கும் இதற்கும் என்ன மாறியிருக்கிறது என்பதை மட்டும் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்துக் குறித்துக்கொள்ளும். மணமேடையில் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும் வரை பிரச்சினை இல்லை. அங்கே அசைவது குறைவு. ஆனால் தாலி கட்டும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். கெட்டிமேளம். நூறு கைகள் ஒன்றாக மேலே எழும்புகின்றன. அட்சதையும் பூவும் திரை முழுக்கப் பறக்கிறது. ஃபிளாஷ் வேறு மின்னுகிறது. ஒவ்வொரு சதுரமும் ஒரே நேரத்தில் மாறுகிறது. இருக்கிற பிட் போதாமல் படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும்.

ஆக, ஒரு கல்யாண வீடியோவில் எந்த நிமிஷம் முக்கியமோ, அந்த நிமிஷம்தான் முதலில் கெடும்.

அந்த நிமிஷத்தில்தான் ஆச்சி மேடை ஓரத்தில் நின்று குலவை போட்டாள். கேமரா அவள் பக்கம் திரும்பியது. டிவிடியில் குலவைச் சத்தம் இன்றைக்கும் தெளிவாகக் கேட்கிறது. முகம்தான் இல்லை. அடுத்த வருடமே ஆச்சி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆல்பத்தில் அவள் போட்டோ இருக்கிறது. ஆனால் கேமரா என்றால் விறைத்துக்கொள்ளும் ஆச்சி, மறந்துபோய்ச் சிரித்தது அந்த வீடியோவில் மட்டும்தான்.

அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது நிறைய. படத்தின் அகலத்தை 720-ல் இருந்து 352 புள்ளியாகக் குறைத்திருக்கலாம். டிவிடி அதை ஏற்றுக்கொள்ளும். கொஞ்சம் மங்கலாக இருக்கும், ஆனால் இந்த அளவு உடையாது. இரண்டு முறை ஓடவிடும் முறையைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். முதல் ஓட்டத்தில் எங்கே அசைவு அதிகம் என்று பார்த்து வைத்து, இரண்டாவது ஓட்டத்தில் அங்கே பிட்டை அதிகம் ஒதுக்கும். அதற்கு ராத்திரி முழுக்க ஆகும் என்று அவசரப்பட்டு, எல்லா வினாடிக்கும் ஒரே அளவு கொடுத்துவிட்டேன். பந்தியில் சாம்பார் வாளி போகும் காட்சிக்கும் தாலி கட்டும் காட்சிக்கும் ஒரே பங்கு! பந்தியையே ஒரு மணி நேரம் வெட்டியிருந்தாலும் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. செய்த பெரிய தப்பு அதற்குப் பிறகுதான். என் ஹார்ட் டிஸ்க் மொத்தமே 160 ஜிபி. "அதான் டிவிடி போட்டாச்சே" என்று 78 ஜிபியையும் அழித்துவிட்டேன். கேசட்களை வாங்கிப் போனவர் அவற்றின் மேலேயே அடுத்த கல்யாணத்தை எடுத்துவிட்டார். அந்தக் காலத்தில் அது வழக்கம்தான்.

"இப்பதான் ஏஐ இருக்கே, முகத்தைத் தெளிவாக்கித் தருமே" என்று ஆபீஸ் நண்பர் சொன்னார். செய்து பார்த்தேன். அழகான ஒரு பாட்டி வந்தாள். ஆனால் அது எங்க ஆச்சி இல்லை. தொலைந்த தகவலை எந்த மென்பொருளாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. யாரோ ஒருத்தர் முகத்தை ஊகித்துப் போடத்தான் முடியும்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பல பேர் ஊருக்குப் போகும்போது பழைய கேசட்களை எடுத்து வந்து டிஸ்க்கில் போடுகிறோம், இல்லை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். தாராளமாகச் செய்யுங்கள். பார்ப்பதற்கு ஒரு சின்னக் காப்பி வேண்டியதுதான். ஆனால் சுருக்காத மூலத்தை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வீட்டில் வையுங்கள். இன்றைக்கு இடம் மலிவு. எழுதும் டிவிடியை மட்டும் நம்பாதீர்கள். அதில் இருக்கும் சாயப் பூச்சு வெயிலிலும் வெக்கையிலும் நாளாக ஆகக் கெட்டுப்போகும்.

பழைய விஎச்எஸ் கேசட் இருந்தால் தள்ளிப் போடாதீர்கள். அதை ஓட்டும் பிளேயரைக் கடைசி வரை தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-ல் நிறுத்திவிட்டது. பூஞ்சை பிடித்திருந்தால் அப்படியே போட்டு ஓட்டாதீர்கள். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அத்தை வீட்டுப் பரணில் ஒரு கேசட் கிடக்கிறதாம். தொண்ணூறுகளில் நடந்த அத்தை கல்யாணம். அதிலும் ஆச்சி குலவை போட்டாள் என்று அப்பா சொல்கிறார். பொங்கலுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். இந்த முறை எத்தனை ஜிபி வந்தாலும் அழிப்பதாக இல்லை.